பிள்ளைகளோடு தூண்டில் போடப் போகிறீர்களா?
ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போவதாக இருந்தால், முதல் நாளே படகு ஏறாதீர்கள். பிள்ளைகள் படகுத்துறையில் உட்கார்ந்து பழகட்டும். மெல்லிய தங்கூசி (தூண்டில் நரம்பு), சின்னத் தூண்டில் முள், ஒரு ஈயக்குண்டு, நகத்தளவு இறால் துண்டு போதும். மணல் தரையில் கிழங்கான் மீன் கிடைக்கும். அது இரையைக் கொத்தும்போது தங்கூசி விரலில் படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்பைப் பிள்ளைகள் தங்கள் கையால் உணர வேண்டும். நீங்கள் பிடித்துக் கொடுத்தால் அந்தச் சந்தோஷம் வராது.

பெரியவர்கள் பார்க்காமல் எந்த மீனையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முட்கள். குத்திவிட்டால், தோல் வெந்துபோகாத, பொறுக்கக்கூடிய சூட்டில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) வெந்நீரில் அரை மணி நேரமாவது அமிழ்த்துங்கள், வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்காகவே ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது நல்லது. பலூன் மாதிரி உப்பும் பேத்தை மீனை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

படகென்றால் காற்றைப் பாருங்கள். வாடைக் காலத்தில் (வடகிழக்குக் காற்று வீசும்போது) தீவின் வடக்குக் கடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல். இன்று வேண்டாம் என்று படகுக்காரர் சொன்னால் வாதாடாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள், பெரியவர்களுக்கும்தான்.