மாரடைப்புக்குப் பிறகு நடைப்பயிற்சி: முதலில் நேரம், பிறகுதான் வேகம்

மாரடைப்புக்குப் பிறகு, அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் கட்டிலை விட்டு இறங்கவே பயப்படுவார்கள். சிலர் நாலாம் நாளே பையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டும் தப்பு. ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன தசையின் இடத்தில் தழும்பு இறுக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை இதயத்துக்கு வேலை கொடுத்தாக வேண்டும், ஆனால் அளந்து கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) எவ்வளவு, வேறு குழாயில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் எப்போது. இ.எஃப். 40-க்குக் கீழே இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ தானாகத் தொடங்கக் கூடாது. ஈசிஜி பார்த்தபடி பயிற்சி தரும் மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும். பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, வெட்டிய மார்பெலும்பு ஒட்ட வேண்டும் என்பதால் அவர்கள் கணக்கு வேறு.

டாக்டர் சரி என்றபின், முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் 5 நிமிட நடை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 2 நிமிடம் கூட்டுங்கள். ஆறாவது வாரத்தில் ஒரே மூச்சாக 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று வந்தால் போதும். அதுவரை வேகத்தைத் தொட வேண்டாம், மேடும் வேண்டாம். மெதுவாகக் கூடுதல் நேரம் நடப்பதை இதயம் தாங்கிக்கொள்ளும். வேகமும் ஏற்றமும் நாடித்துடிப்பையும் பிபியையும் சேர்த்து ஏற்றிவிடும்.

அளவு தெரிவது எப்படி? 220-இல் வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைச் சொல்லும் கணக்கை மறந்துவிடுங்கள். மாரடைப்புக்குப் பின் பலருக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை இருக்கும். அது துடிப்பைப் பிடித்து வைப்பதால், உடம்பு திணறும்போதும் எண் குறைவாகவே காட்டும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரட்டியுங்கள். டிரெட்மில் டெஸ்ட் ஆகும்வரை, உட்கார்ந்திருக்கும்போது இருந்ததைவிட 20-க்கு மேல் ஏறக் கூடாது. அதைவிட நம்பகமானது பேச்சு: கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடங்கலின்றிப் பேச முடிய வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

தொடக்கத்தில் 5 முதல் 10 நிமிடம் மிக மெதுவாக நடங்கள். முடிவிலும் அப்படியே. பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த முடிவைத்தான். நடையைச் சட்டென்று நிறுத்தினால் விரிந்திருக்கும் கால் குழாய்களிலேயே ரத்தம் தேங்கி, பிபி விழுந்து கண் இருட்டும். பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். நடந்த கையோடு வெந்நீரில் குளிப்பதும் இதே காரணத்தால் ஆகாது.

வேலூரில் இருப்பவர்களுக்கு வெயில் தனிக் கணக்கு. சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக் கூடத்திலேயே நடங்கள். கோட்டையைச் சுற்றிய சமதளம் நல்லது. மலையடிவாரத் தெருக்கள் இப்போதைக்கு வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள், பிரியாணி என்றால் அன்று மாலை நடை வேண்டவே வேண்டாம். சுகர் ஊசி போடுபவர் பையில் சர்க்கரை இருக்கட்டும்.

ஆஞ்சியோ செய்த கையால் ஒரு வாரம் வாளி தூக்காதீர்கள். நிறைகுடம் சுமார் 15 கிலோ. மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது பிபி ஒரேயடியாக எகிறும்.

நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை எது வந்தாலும் நின்ற இடத்திலேயே உட்காருங்கள். டாக்டர் எழுதித் தந்திருந்தால், ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை நாக்கடியில் வையுங்கள். ஆண்மைக்குறைவு மாத்திரை போட்டிருந்தால் சார்பிட்ரேட் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. பைக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். சோளிங்கர் மலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். டிரெட்மில் டெஸ்ட் தேறி, 45 நிமிடம் திணறாமல் நடக்க வந்தபின் டாக்டரிடம் கேளுங்கள். கிரிவலம் என்றால் பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம். சாதாரண நாளில், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து, துணைக்கு ஒருவரோடு போங்கள்.