குளிர்நீருக்கான ரெகுலேட்டர்: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது

ஒன்டாரியோவின் டொபர்மோரியில் ஆகஸ்ட் மாதம் ஹூரான் ஏரியின் மேல்மட்டம் நீந்தும் பதத்தில் இருக்கும். 1884இல் மூழ்கிய ‘அரேபியா’ பாய்க்கப்பல் கிடக்கும் 33 மீட்டருக்கு இறங்கினால் 4, 5 டிகிரிதான். நன்னீருக்கு 4 டிகிரியை ஒட்டித்தான் அடர்த்தி அதிகம். அதனால் ஆழமான ஏரிகளின் அடியில் கோடையிலும் அந்தக் குளிர் தங்கிவிடுகிறது. மாலத்தீவிலோ திருகோணமலையிலோ சிக்கலே தராத ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) இங்கே முதல் டைவிலேயே ஃப்ரீ ஃப்ளோ ஆகலாம், அதாவது மூடாமல் காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

4 டிகிரித் தண்ணீர் தானாக உறையாது. உறைய வைப்பது சிலிண்டரிலிருந்து வரும் காற்று. 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சிலிண்டரில் பூட்டும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஒரே தாவலில் 9, 10 பாருக்கு (இடை அழுத்தம்) விரிகிறது. விரியும்போது அது பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழேகூடப் போகும். சுற்றியுள்ள 4 டிகிரித் தண்ணீர்தான் அந்த உலோகத்துக்கு வெப்பம் தரும் ஒரே அடுப்பு. ஓடும் காற்றின் அளவு கூடக்கூட அந்த அடுப்பு போதாமல் போகிறது. மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 33 மீட்டரில் 86 லிட்டர் இழுக்கிறார். அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் துணை டைவரும், அவசரத்துக்கென மாட்டியிருக்கும் உபரி வாய்ப்பகுதியான ஆக்டோபஸில் மூச்சிழுத்தால் அது இரட்டிப்பாகும். ஆகவே ஓட்டத்தைக் குறைப்பதா, வெப்பம் உள்ளே வர வழி செய்வதா என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் பாருங்கள்.

உறைவது இரண்டு இடங்களில். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஸ்பிரிங்கைச் சுற்றித் தண்ணீர் புகும் அமைப்பென்றால் அங்கே பனி கட்டி, வால்வு முழுதாக மூடாது. இடை அழுத்தம் ஏறிக்கொண்டே போய், வாயில் கவ்வும் பாகமான செகண்ட் ஸ்டேஜைத் தள்ளித் திறந்துவிடும். செகண்ட் ஸ்டேஜிலோ நாம் வெளிவிடும் மூச்சின் ஈரமும் உள்ளே ஒட்டியிருக்கும் நீர்த்துளியும் லீவரிலும் வால்வு முனையிலும் உறைந்து, அதைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது

முதலில் ரெகுலேட்டரின் உடலில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 250இன்படி 10 டிகிரிக்குக் கீழே உள்ளதெல்லாம் குளிர்நீர். அதற்குத் தேறாத ரெகுலேட்டரில் ‘10 டிகிரிக்கு மேல்’ என்ற குறி இருக்கும். அது இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் கீழே வைத்துவிடுங்கள். குளிர்நீர்ச் சோதனை 4 டிகிரியில், 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் சுவாச அளவில் நடக்கிறது. மேல்மட்டக் கணக்கில் அது 375 லிட்டர். 2014 பதிப்பில் எண்ணோடு ‘ஏ’ சேர்ந்திருந்தால் ஆக்டோபஸோடு இருவர் பயன்படுத்தும் நிலையிலும் சோதித்தது என்று பொருள்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜைப் பொறுத்தவரை எங்கள் தேர்வு சீல் செய்த டயஃப்ராம் (வளையும் சவ்வு) வகை. வெளியே ஓர் இரண்டாம் டயஃப்ராம் தண்ணீரைத் தடுக்க, உள்ளே ஒரு தண்டு அழுத்தத்தை மட்டும் கடத்தும். ஸ்பிரிங் உலர்ந்தே இருக்கும். அபெக்ஸின் பெரும்பாலான மாடல்களும் ஸ்கூபாப்ரோ எம்.கே. 17உம் இந்த வகைதான். பிஸ்டன் வகையில் காற்று தாராளமாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்பிரிங் அறை தண்ணீருக்குத் திறந்தே இருப்பவற்றை 10 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

செகண்ட் ஸ்டேஜில் பார்க்க வேண்டியது உலோகம். வால்வுக் குழாய் பித்தளையாக, ஹோஸ் சேரும் இடத்தில் வெப்பம் வாங்கும் வரிகளோடு இருந்தால் நல்லது. முழுக்க பிளாஸ்டிக்காக இருப்பவை கைக்கு லேசு, ஆனால் தண்ணீரின் வெப்பம் உள்ளே போகாது. அந்தக் குறையை வேறு வடிவமைப்பால் ஈடுகட்டிய மாடல்களும் உண்டு. முடிவைச் சொல்ல வேண்டியது தரக்குறிதான். ஆக்டோபஸுக்கும் இதே கண்டிப்பு தேவை. மலிவான ஆக்டோபஸை மாட்டி வைத்தால், யாராவது அதில் மூச்சிழுக்கும் நெருக்கடியான நேரத்தில்தான் அது உறையும்.

சிலிண்டரோடு சேரும் இணைப்பு, திருகிப் பூட்டும் டின் வகையாக இருக்கட்டும்.

பூட்டும் முறை

ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்றால், உறைந்ததும் மூடுவதற்கு வழியில்லை. மூடினால் மூச்சும் நின்றுபோகும். அதனால் இரட்டை வாய் உள்ள எச் அல்லது ஒய் வால்வும், இரண்டு தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் வேண்டும். பட்ஜெட் இறுக்கமானால், குளிர்நீருக்குத் தேறிய செகண்ட் ஸ்டேஜ்களுக்குள் விலை குறைந்ததை எடுத்து மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

வலது வால்வில் முதன்மை செகண்ட் ஸ்டேஜும், மிதப்புப் பையான விங் அல்லது பி.சி.டி.க்குக் காற்றடிக்கும் இன்ஃப்ளேட்டரும். இடது வால்வில் கழுத்தில் தொங்கும் மாற்று செகண்ட் ஸ்டேஜ், பிரஷர் கேஜ், டிரை சூட்டுக்கு (நீர் புகாத உடை) காற்று தரும் ஹோஸ். விங்கும் டிரை சூட்டும் ஒரே பக்கம் வரக் கூடாது: எந்தப் பக்கத்தை மூடினாலும் மிதப்புக்கு ஒரு வழி மிஞ்ச வேண்டும். டிரை சூட்டும் தடித்த கையுறையும் போட்ட நிலையில் இரண்டு குமிழும் கைக்கு எட்டுகிறதா என்று கரையிலேயே திருகிப் பாருங்கள். எட்டாவிட்டால் சிலிண்டரைச் சற்று மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

டியூனிங்

வெதுவெதுப்பான கடலுக்கு மூச்சு ‘வெண்ணெய் மாதிரி’ வரும்படி வைத்திருப்பார்கள். குளிருக்கு அது ஆகாது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்புக்குள் இடை அழுத்தத்தைக் கீழ்ப்பக்கம், பல மாடல்களில் 8.5 முதல் 9 பார் வரை, வைக்கச் சொல்லுங்கள். இடை அழுத்தம் காட்டும் கேஜை இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டி, சில தடவை செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் (காற்றைத் திறந்துவிடும் பொத்தான்) அழுத்திவிட்டு ஊசியைக் கவனிக்க வேண்டும். சட்டென்று ஓரிடத்தில் நின்றால் சரி. ஒரு நிமிடத்தில் 0.3 பாருக்கு மேல் ஊர்ந்தால், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வால்வை அடைக்கும் உயர் அழுத்த சீட் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் குளிரில் இறங்கக் கூடாது.

செகண்ட் ஸ்டேஜைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். வாய்ப்பகுதி மேலே, பர்ஜ் மூடி கீழே இருக்கும்படி பிடித்து மெல்லத் தாழ்த்துங்கள். உஸ்ஸென்று சத்தம் தொடங்கும்போது உள்ளே இருக்கும் டயஃப்ராம் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 3 முதல் 4 சென்டிமீட்டர் குளிருக்குப் பொருத்தம். 2க்கும் கீழே என்றால் மிக லேசாக இருக்கிறது, சற்று இறுக்க வேண்டும். இதெல்லாம் பயிற்சி பெற்ற சர்வீஸ்காரர் கையில் நடக்க வேண்டிய வேலை. வாளிச் சோதனையை மட்டும் நீங்களே செய்யலாம்.

தண்ணீருக்கு முன்னும் உள்ளும்

வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் நாளில் செட்டைக் காருக்குள் சூடாக வைத்திருங்கள். இறங்குமுன் சோதிக்க வேண்டுமானால் கூரைக்குக் கீழே, மூச்சை உள்ளிழுக்க மட்டும் செய்யுங்கள். வெளிவிடுவதை ரெகுலேட்டருக்குள் விடாதீர்கள். ஈரம் வருவது அதிலிருந்துதான். கரையில் பர்ஜ் அழுத்தவே கூடாது. செகண்ட் ஸ்டேஜில் காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வென்சுரி லீவர் ‘மைனஸ்’ பக்கம் இருக்கட்டும். ஆக்டோபஸில் டைவ் முழுக்க அப்படியே விடுங்கள். டைவுக்கான முதல் மூச்சு, வாய் தண்ணீருக்குள் போன பிறகு.

இன்ஃப்ளேட்டரை ஒரு நொடிக்கும் குறைவாகத் தட்டித் தட்டி அழுத்துங்கள், அதுவும் மூச்சை வெளிவிடும்போது. மூச்சிழுத்துக்கொண்டே டிரை சூட்டை நிரப்புவது ஃப்ரீ ஃப்ளோவுக்குப் பெயர்போன காரணம்.

ஃப்ரீ ஃப்ளோ ஆகிவிட்டால் மாற்று செகண்ட் ஸ்டேஜுக்கு மாறி, உறைந்த பக்கத்து வால்வை மூடி, துணைவருக்குச் சைகை காட்டி மேலேறத் தொடங்குங்கள். வால்வை மூடும்வரை மூச்சு வேண்டுமானால் வாய்ப்பகுதியை இறுக்கிக் கவ்வாமல் உதட்டோரம் பிடித்து, வழியும் காற்றை உறிஞ்சுங்கள். 12 லிட்டர் சிலிண்டர் 30 மீட்டரில் முழு ஃப்ரீ ஃப்ளோவில் இரண்டு மூன்று நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம். ஓட்டம் நின்ற பின் 4 டிகிரித் தண்ணீரே பனியை உருக்கிவிடும். மூடிய பக்கம் மீண்டும் வேலை செய்தாலும் அந்த டைவ் முடிந்ததுதான்.

கழுவும்போது டஸ்ட் கேப் மாட்டியிருக்க வேண்டும், பர்ஜைத் தொடக் கூடாது; தொட்டால் தண்ணீர் ஹோஸுக்குள் ஏறி அடுத்த டைவில் பனியாகும். வெளி டயஃப்ராமின் உட்புறம் துளித்துளியாக நீர் தெரிந்தால் சீல் கசிகிறது. அந்த செட் சர்வீஸுக்குப் போகட்டும்.