பிஞ்சு உதிராமல் இருக்க: வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீயை வரவழைப்பது எப்படி?

பூசணிக் கொடி நிறையப் பூக்கிறது, பிஞ்சும் தெரிகிறது. ஆனால் எலுமிச்சை அளவு வருவதற்குள் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. கோலாலம்பூர் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) தோட்டம் போடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புலம்பல் இது. உடனே உரம் வாங்க ஓடவேண்டாம். பெரும்பாலும் ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவுக்குப் போய்ச் சேராததுதான் காரணம். அதைக் கொண்டுபோகிறவர்களை வரவழைக்க கார் போர்ச் ஓரமும் நாலைந்து தொட்டியும் போதும்.

படி 1: வருகிறவர்களை அடையாளம் காணுங்கள்

ஈயைவிடச் சிறிதாக, கறுப்பாக இருப்பது கெலுலுட், அதாவது கொசுத்தேனீ. இது கொட்டாது. சுவர் இடுக்கிலிருந்து பிசினால் ஆன சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அதன் வாசல். சிமெண்ட் பூசி அடைத்துவிடாதீர்கள்.

கருவண்டு என்று நாம் சொல்வதும் ஒரு பெரிய கறுப்புத் தேனீதான். அதன் உருவத்தையும் இரைச்சலையும் பார்த்துத் துடைப்பத்தைத் தூக்குகிறவர்கள் உண்டு. பாவம், கத்திரிக்கும் தக்காளிக்கும் அதுதான் பெரிய உதவி. இந்தப் பூக்களில் மகரந்தம் குறுகிய பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். பக்கத்தில் நின்றால் ரீங்காரம் சட்டென்று கூர்மையாவது கேட்கும். மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு காய்ந்த கட்டையைத் துளைத்துக் குடியிருக்கும் என்பதால், பழைய மரத்துண்டு ஒன்றை மூலையில் போட்டுவையுங்கள்.

குளவிக் கூடோ பெரிய தேன்கூடோ வீட்டில் கட்டியிருந்தால் நீங்களே கலைக்கப் போகாதீர்கள். 999-ஐ அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வருவார்கள்.

படி 2: பூக்க விடுங்கள்

காகிதப்பூ கண்ணுக்கு அழகு, தேனீ அதை அவ்வளவாக நாடாது. துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவது நம் பழக்கம். ஒரு செடியையாவது அப்படியே விட்டுவிடுங்கள், கெலுலுட் தேடி வரும். கொத்தமல்லி முற்றிப் பூத்தாலும் பிடுங்கவேண்டாம்.

வாங்குவதென்றால் என் முதல் தேர்வு புங்கா புக்குல் லாப்பான், அதாவது எட்டு மணிப்பூ. காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும், ஆனால் தினமும் பூக்கும். வேலி இருந்தால், கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூக்கும் ஆயர் மாத்தா பெங்கந்தின் கொடி. கெலுலுட் வளர்ப்பவர்கள் விரும்பி நடுவது இதைத்தான். வெட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு இட்லிப்பூ.

எதை நட்டாலும் நல்ல வெயிலில், ஒரே வகையை மூன்று நான்காகச் சேர்த்து வையுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளில் வாங்கும்போது மருந்து அடித்த செடியா என்று கேட்டுவிடுங்கள். சில மருந்துகள் செடிக்குள் ஊறி, தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும்.

படி 3: தண்ணீர், ஆனால் ஏடிஸ் (டிங்கிக் கொசு) கவனம்

தட்டையான தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முங்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் கொட்டிக் கழுவி மாற்றவேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு.

படி 4: மருந்தைத் தள்ளிவையுங்கள்

பூவின்மேல் எதையும் தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெய்கூட இருட்டிய பிறகுதான். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, பின்னால் வண்ணத்துப்பூச்சி ஆகும். நாலு கொத்து போனால் போகட்டும்.

படி 5: அதுவரை நீங்களே தேனீ

டிங்கிக்காகத் தாமானில் புகை அடித்தால் தேனீயும் சேர்ந்துதான் சாகும். அந்தச் சமயத்தில் கையால் மகரந்தம் சேர்க்கலாம். காம்பு மட்டும் நீளமாக இருந்தால் ஆண்பூ. அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்குக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கனும் சுரையும் அந்தியில் விரிபவை, அவற்றுக்கு வேலைவிட்டு வந்த பிறகு செய்தாலும் போதும்.