கொள்கையும் வேண்டும், வெற்றியும் வேண்டும்: பிரைமரியில் பழமைவாதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் வீட்டு அலமாரியில், சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள், சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று இருக்கும். அதில் பெயரும் இல்லை, படமும் இல்லை. தங்கத்துக்கும் தண்ணீருக்கும் வேதியியலில் போடும் குறியீடுகள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். தங்கம் கோல்டு, தண்ணீர் வாட்டர். ஆக, பேரி கோல்டுவாட்டர், 1964-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். அந்த வருடம் கல்லூரி மாணவராக அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர் அந்தப் பெரியவர். "நாங்கள் சொன்னதில் பெரும்பாலானது சரிதான். ஆனால் கதவைத் திறந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பயந்தார்கள்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சித் தேர்தலான ஒவ்வொரு பிரைமரியிலும் எனக்கு அந்த பேட்ஜ் ஞாபகம் வரும். மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுவதா, நவம்பர் பொதுத்தேர்தலில் ஜெயிக்கக்கூடியவருக்குப் போடுவதா? இந்தக் கேள்வியில் பழமைவாதிகள் அறுபது வருடமாகத் திரும்பத் திரும்பச் சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

பழமைவாதம் என்ற சொல் தமிழில் ஏதோ பழைய பஞ்சாங்கம் போல ஒலிக்கிறது. இங்கே அதற்கு அர்த்தம் வேறு: சிறிய அரசாங்கம், குறைந்த வரி, அரசியல் சாசனத்தை எழுதியிருக்கிறபடி வாசிக்கும் நீதிபதிகள், கருவிலுள்ள உயிருக்குப் பாதுகாப்பு, வலுவான ராணுவம். இந்தப் பட்டியலில் பலவற்றை நானும் நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பக்லி விதியைப் பாதியாகப் படிப்பது

நேஷனல் ரிவ்யூ பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் பக்லி 1967-ல் ஒரு விதி சொன்னார். ஜெயிக்கக்கூடியவர்களில் யார் அதிகம் வலதுசாரியோ, அவரை ஆதரியுங்கள் என்பதுதான் அதன் சாரம். கட்சித் தலைமையில் இருப்பவர்கள் இதில் 'ஜெயிக்கக்கூடியவர்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பது அவர்கள் வாதம். தொண்டர்கள் 'அதிகம் வலதுசாரி' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் கஷ்டமானது. ஜெயிக்கக்கூடியவர் யார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அந்த விதியில் பதில் கிடையாது.

ஊகத்தை உண்மை என்று எடுத்துக்கொள்வது

'இவரால் ஜெயிக்க முடியாது' என்று யாராவது அடித்துச் சொன்னால் 1980-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ரானல்ட் ரீகன் ரொம்ப வலதுசாரி, வயதும் ஆகிவிட்டது, நாடு அவரை ஏற்காது என்றார்கள். அந்த வருடம் மார்ச்சில் முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டே, அவ்வளவு பழமைவாதியான ஒருவர் தேசியத் தேர்தலில் ஜெயிக்க முடியாது என்று பேட்டி கொடுத்தார். நவம்பரில் ரீகன் 44 மாநிலங்களை எடுத்தார். அதிபரை முடிவு செய்கிற, மாநில வாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 489, ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டருக்கு 49. இத்தனைக்கும் அப்படிச் சொன்ன ஃபோர்டு, 1976-ல் பாதுகாப்பான வேட்பாளர் என்று ரீகனை 1,187-க்கு 1,070 என்ற கணக்கில் கட்சி மாநாட்டில் முந்தி, அதே கார்ட்டரிடம் தோற்றவர்.

மிதவாதி என்றால் ஜெயிப்பார் என்ற நம்பிக்கைக்கு இன்னும் சாட்சிகள் உண்டு. 1996-ல் பாப் டோல், 2008-ல் ஜான் மெக்கெய்ன், 2012-ல் மிட் ராம்னி. மூவரையும் நடுநிலை வாக்காளருக்குப் பிடிக்கும் என்றார்கள், மூவரும் தோற்றார்கள். ஆனால் இதையே வைத்துக்கொண்டு 'உண்மையான பழமைவாதியை நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்போம்' என்று தாவுவதும் தவறு. 2008 செப்டம்பரில் வங்கிகள் சரிந்தன. 1996-ல் பொருளாதாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு எதிரே யாரை நிறுத்தியிருந்தாலும் கஷ்டம்தான்.

வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டுகள்

பழமைவாத வாக்காளர்கள் கோடிக்கணக்கில் சலித்துப்போய் வீட்டிலேயே இருக்கிறார்கள், அசலான ஆளை நிறுத்தினால் திரண்டு வருவார்கள் என்பது கோல்டுவாட்டர் ஆட்களின் கணக்கு. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். அவர் ஜெயித்தது ஆறே மாநிலங்கள். ஒன்று அவருடைய சொந்த அரிசோனா, மற்ற ஐந்தும் 'ஆழ்தெற்கு' என்று சொல்லும் தென்பகுதி மாநிலங்கள். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீத வாக்குகள்.

அதைவிடப் பெரிய இழப்பு கீழே நடந்தது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு மிஞ்சியது 140. செனட்டில் 100-க்கு 32. அந்தப் பெரும்பான்மையை வைத்துத்தான் ஜான்சன் 1965-ல் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடுகள் இரண்டையும் நிறைவேற்றினார். அரசாங்கம் பெரிதாகக் கூடாது என்று நின்றவரின் தோல்வியே அரசாங்கம் பெரிதாவதற்கு வழிவிட்டது. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் பெயருக்குக் கீழே அதே சீட்டில் யார் யார் பெயர் இருக்கும் என்று பார்க்காமல் போவது இதனால்தான் ஆபத்து.

அந்த ஐந்து தெற்கு மாநிலங்களைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக கோல்டுவாட்டர் ஓட்டுப் போட்டார். 1957-லும் 1960-லும் வந்த குடிமை உரிமைகள் சட்டங்களை ஆதரித்தவர்தான். ஆனால் இது தனியார் கடைகள், வேலைகள் விஷயத்தில் மத்திய அரசுக்கு வரம்பு மீறிய அதிகாரம் தருகிறது என்றார். சாசனத்தை வைத்துப் பேசிய வாதம்தான். ஆனால் ஓட்டல் வாசலில் தோல் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட மனிதருக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய பழுப்பு நிறத்தவனாகச் சொல்கிறேன், அது தேர்தல் கணக்கில் மட்டும் செய்த பிழை இல்லை. கொள்கை என்ற பெயரில் வருவதையும் உரசிப் பார்க்க வேண்டும். யாருக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் ஏட்டில் சரியாக இருக்கிறது என்பதற்காக ஏற்றுக்கொண்டால், அதன் விலையைக் கட்சி பல தலைமுறைக்குக் கொடுக்கும். கொடுத்தும் வருகிறது.

குரலைக் கொள்கை என்று நினைப்பது

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். உரக்கப் பேசுகிறவர் உறுதியானவர், மெதுவாகப் பேசுகிறவர் சமரசக்காரர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

1964 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் கௌ பேலஸ் அரங்கில் மாநாடு. நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் அரசியலில் தீவிரப் போக்கைக் கண்டித்துப் பேச மேடையேறுகிறார். கூட்டம் அவரைப் பேசவிடாமல் ஊளையிடுகிறது. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஏற்புரையில் கோல்டுவாட்டர், சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் என்பது குற்றமில்லை என்கிறார். அரங்கம் ஆர்ப்பரித்தது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. செப்டம்பரில் ஜான்சன் தரப்பு ஒரு விளம்பரம் போட்டது. பூவின் இதழ்களை ஒரு சிறுமி எண்ணி எண்ணிப் பிய்க்கிறாள், எண்ணிக்கை திரும்பிக் கீழிறங்குகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. விளம்பரமாக ஒரே ஒரு தடவைதான் ஓடியது. கோல்டுவாட்டர் பெயர் அதில் வரவே இல்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை, பயம் ஏற்கெனவே இருந்தது.

அப்புறம் அக்டோபர் 27. அதே கோல்டுவாட்டருக்கு ஆதரவாக ரீகன் தொலைக்காட்சியில் பேசினார். கிட்டத்தட்ட அதே கொள்கைகள்: வரி, அரசின் அளவு, கம்யூனிச எதிர்ப்பு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி இருந்தது. கோல்டுவாட்டர் மண்ணைக் கவ்வி இரண்டே வருடத்தில், 1966-ல், ரீகன் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். வித்தியாசம் கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டு. 1980 விவாதத்தில் அவர் மக்களிடம் கேட்டதும் தத்துவக் கேள்வி இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்றார். கொள்கையை விட்டுக்கொடுக்காமல் ஜெயிக்க வழி இருக்கிறது, அது மொழியில் இருக்கிறது. பிரைமரி மேடையில் கைதட்டலைப் பார்க்காதீர்கள். கட்சிக்காரர் அல்லாத ஒருவரிடம் அந்த வேட்பாளர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள்.

வாக்குறுதியும் நியமனமும்

1988-ல் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி கிடையாது என்றார். 1990-ல் வரியை உயர்த்தும் பட்ஜெட் உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். 1992-ல் பாட் புக்கானன் பிரைமரியில் அவரை உலுக்க, நவம்பரில் தோற்றார். கோபம் நியாயம்தான். ஆனால் பழமைவாதிகளுக்குப் புஷ் செய்த பெரிய சேதம் வரியில் இல்லை. டேவிட் சூட்டரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக அனுப்பியதுதான் அது.

1992-ல் எங்கள் பென்சில்வேனியா சட்டம் ஒன்றை வைத்து வந்த கேசி வழக்கில், கருக்கலைப்பு உரிமையின் மையப் பகுதி நிலைக்கும் என்று கூட்டாகத் தீர்ப்பு எழுதியவர்கள் மூன்று பேர்: சாண்ட்ரா டே ஓ'கானர், அந்தோணி கென்னடி, சூட்டர். முதல் இருவரையும் நியமித்தவர் ரீகன், மூன்றாமவரை நியமித்தவர் புஷ். 1973-ல் அந்த உரிமையை நாடு முழுக்கத் தந்த ரோ தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன் நிக்சன் நியமித்தவர். நாலு பேரையும் குடியரசுக் கட்சி அதிபர்கள்தான் அனுப்பினார்கள்.

கட்சியை மட்டும் நம்பினால் போதாது என்ற இந்தப் பாடத்தை வாக்காளர்கள் 2016-ல்தான் சரியாகப் பயன்படுத்தினார்கள். டொனால்ட் டிரம்பின் பழைய பேச்சுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் மீது நம்பிக்கை இல்லை. சரி, யாரை நீதிபதியாக்குவீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று நெருக்கினார்கள். மே மாதம் 11 பேர் பட்டியல் வந்தது, செப்டம்பரில் இன்னும் பெயர்கள் சேர்ந்தன. நீல் கோர்சச் அந்த செப்டம்பர் பட்டியலில் இருந்தவர். டிரம்ப் நியமித்த மூவரும் 2022-ல் ரோ தீர்ப்பை ரத்து செய்த பெரும்பான்மையில் இருந்தார்கள். வேட்பாளரின் மனதைப் படிக்க முடியாதபோது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு தவறு பின்னாடியே வந்தது: நம் ஆள் ஜெயித்ததும் அவர் செய்வதெல்லாம் பழமைவாதம் என்று சொல்லத் தொடங்குவது. டிரம்பின் முதல் நாலு வருடத்தில் தேசியக் கடன் சுமார் 20 லட்சம் கோடி டாலரிலிருந்து 27 லட்சம் கோடிக்கு மேல் போனது. இறக்குமதி வரிகள் ஏறின. நீதிபதிகளுக்காக அதைச் சகித்துக்கொண்டேன் என்று ஒருவர் சொன்னால் நான் மதிப்பேன். அது பேரம், பேரத்தில் தப்பில்லை. கொடுத்ததை மறந்து எல்லாமே லாபம் என்று எழுதிக்கொண்டால், அடுத்த பிரைமரியில் எதை வைத்து அளப்பீர்கள்?

நாடு முழுக்க ஒரே தொகுதி என்று நினைப்பது

இதை நீட்ட வேண்டாம். வேண்டியது 270 தேர்வாளர் வாக்குகள். 2016-ல் டிரம்புக்கு மொத்த ஓட்டு குறைவு. மிஷிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 ஓட்டு வித்தியாசம் அவரை அதிபராக்கியது. தேசியக் கருத்துக்கணிப்பைக் காட்டி யாராவது வாதாடினால், எந்த மாநிலம் என்று கேளுங்கள். 2012 பிரைமரியில் ராம்னியை எதிர்த்து நின்ற ரிக் சான்டோரம் எனக்குக் கொள்கையில் நெருக்கமானவர். ஆனால் 2006-ல் இதே பென்சில்வேனியாவில் செனட் பதவியை 17 புள்ளிகளுக்கு மேல் இழந்தவர். அவரை அறிந்த மக்களே கைவிட்ட பிறகு, ஓஹையோவும் விஸ்கான்சினும் எப்படி வரும் என்று எனக்கு நானே பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் அந்தக் கேள்வியே எனக்கு மிச்சமாகவில்லை. முதலில் ஓட்டுப் போட்ட அயோவா மாநிலத்தில் முதல் இரவு ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து சான்டோரம் 34 ஓட்டு முன்னிலை என்று திருத்தினார்கள். ஆனால் ஏப்ரல் 10-ல் அவர் விலகிவிட்டார், எங்கள் பிரைமரி ஏப்ரல் 24. முந்தி வரும் மாநிலங்களில் நண்பர்கள் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள், பணம் கொடுப்பதாக இருந்தால் ஜனவரிக்கு முன்பே கொடுங்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் நிறையப் பேர் செய்வது. குடியுரிமை வாங்கியதும் வாக்காளர் படிவத்தில் கட்சி எதுவும் வேண்டாம் என்று குறித்துவிடுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் அப்படி இருந்தாலும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். பென்சில்வேனியாவில் முடியாது. கட்சி வேட்பாளருக்கு ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பதிந்திருக்க வேண்டும், மாற்றுவதாக இருந்தால் பிரைமரிக்கு 15 நாளைக்கு முன்பே மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் விவாதித்த நண்பர் ஒருவர் அன்று காலையில் வாக்குச்சாவடி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். உங்கள் வாக்காளர் பதிவு அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.