வெள்ளம் கண்ட ஊரில் பழைய கார்: என்ஜினின் உள்நிலையைச் சோதிப்பது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளிலும், அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை பெருகியபோது கடலூரின் கரையோரக் குடியிருப்புகளிலும் வெள்ளம் புகுந்தது. ஆகவே இப்பகுதியில் பழைய பெட்ரோல் கார் வாங்குவோர், பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகளின் தேய்மானத்தோடு, என்ஜின் தண்ணீர் குடித்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். நின்ற இடத்தில் நனைந்த காரைவிட, தண்ணீருக்குள் ஓட்டப்பட்ட கார்தான் ஆபத்தானது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப் போல் அமுங்காது என்பதால், மேலேறும் பிஸ்டன் தடைபட்டு, அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிதளவே வளைந்த ராடோடு என்ஜின் பல மாதங்கள் ஓடும். பிறகு ஒருநாள் ராடு முறிந்து, என்ஜினின் உடலான பிளாக்கையே உடைக்கும்.

பார்க்கப் போகும்போது காரை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூடாக இருக்கும் என்ஜின் பல குறைகளை மறைக்கும். முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டரைப் புதிதாக மாற்றியவர்கள்கூடப் பெட்டியின் அடி மூலைகளில் படிந்த மெல்லிய வண்டலையும், சுவரில் நீர் நின்ற கோட்டையும் துடைக்க மறந்துவிடுவதுண்டு. அடுத்து ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபியைப் போல் இருந்தால், தண்ணீரோ, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டோ கலந்திருக்கிறது. ஆயில் பளிச்சென்று புதிதாக இருப்பதை மட்டும் வைத்து மகிழ வேண்டியதில்லை. விற்பதற்கு முன் எவரும் மாற்றக்கூடியதுதான் அது. ஸ்டார்ட் செய்தபின் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஐடிலில் ஓடுகையில் ஆயில் மூடியைக் கழற்றும்போது புகை விட்டுவிட்டு வேகமாக அடித்தால், மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’ அதுவே, ரிங் தேய்ந்திருக்கலாம்.

அடுத்தது, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். பேட்டரியில் முழுச் சார்ஜ் இருக்க வேண்டும். என்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, சற்று ஆறவிட்டு, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் வரத்தையும் இக்னிஷனையும் துண்டித்து, என்ஜினுக்குக் காற்று விடும் திராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, அதன் முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் என்ஜின்கள் பெரும்பாலும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். ஆனால், அளவு எத்தனை என்பதைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். மூன்று சிலிண்டர்கள் 180 காட்ட, ஒன்று மட்டும் 150 காட்டினால், அதனுள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் தேய்மானம். உயராவிட்டால் வால்வு கசியலாம் அல்லது ராடு வளைந்திருக்கலாம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய, காற்றழுத்தம் செலுத்திக் கசிவைப் பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் உதவும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் கசிவு மட்டும் இயல்பாக இருந்தால், வளைந்த ராடு என்றே சந்தேகிக்க வேண்டும். ராடு குட்டையாகிவிட்டதால் பிஸ்டன் பழைய உயரத்தைத் தொடுவதில்லை. பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கினால், அந்தச் சிலிண்டர் சுவரின் உச்சியில் உள்ள கரிப் பட்டை மற்றவற்றைவிட அகலமாகத் தெரியும். பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிடாமல் இதைக் கண்டுகொள்வது கடினம்.

இன்சூரன்ஸ் தாளில், இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் தொடர்ந்து இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். என்ஜினுக்கான தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்கள் பலர் கிளெய்மே கேட்டிருக்க மாட்டார்கள். பிளக்கைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால், என்ஜினை இறக்கி வேலை பார்க்கும் செலவைக் கழித்து விலை கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் வேறு காரைப் பாருங்கள்.