பிளாக்லிஸ்ட் ஆன பெயரை மீட்பது எப்படி? தென்னாப்பிரிக்க இளைஞர்களுக்கு

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல பிள்ளைகளின் கதை ஒன்றுதான். வேலை கிடைத்ததும் துணிக்கடையில் ஓர் அக்கவுண்ட், பிறகு போன் காண்டிராக்ட். வேலை போனதும் இரண்டும் பாக்கி. அந்தப் பாக்கி கடன் பதிவில் ஏறி, பெயர் பிளாக்லிஸ்ட் ஆகிவிடுகிறது. பிறகு வாடகை வீடு கேட்டாலும் கார் கடன் கேட்டாலும் கைவிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, "உங்கள் பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று ஒருவர் பணம் கேட்டு வருவார். கொடுக்காதீர்கள். அவர் செய்யக்கூடியதை எல்லாம் நீங்களே செய்யலாம், பெரும்பாலும் இலவசமாக. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் தரும் உரிமை அது.

1. ரிப்போர்ட்டை வாங்குங்கள்

யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் நிறுவனங்கள்தான் கிரெடிட் பீரோக்கள். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் போன்ற ஒவ்வொரு பீரோவும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் ரிப்போர்ட்டை, அதாவது உங்கள் கடன் பதிவை, இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் இல்லாத பாக்கி இன்னொன்றில் இருக்கலாம், அதனால் எல்லாவற்றிலும் கேளுங்கள். முதலில் 13 இலக்க அடையாள எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று ஒரே குடும்பப் பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஊர் நம்முடையது.

2. தவறு இருந்தால் எழுதிக் கேளுங்கள்

ரசீதோடு பீரோவுக்கு எழுதுங்கள். 20 வேலை நாளுக்குள் அவர்கள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். தீரவில்லையென்றால், பணம், கடன் தொடர்பான புகார்களைத் தீர்த்துவைக்கும் அமைப்பான நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புடிடம் புகார் செய்யலாம். அதற்கும் கட்டணமில்லை.

3. கட்டுமுன் கணக்குப் பாருங்கள்

பலரும் அவசரப்படும் இடம் இது. வசூல்காரர் போனில் மிரட்டியதும் கையில் இருக்கிற 100 ராண்டைக் கட்டிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு.

கடன் எவ்வளவு பழையது? ஸ்டோர் அக்கவுண்ட், தனிக் கடன் போன்றவற்றில் 3 ஆண்டுகள் நீங்கள் ஒன்றும் கட்டாமல், கடனை ஒப்புக்கொள்ளாமல், சம்மன் எதுவும் வராமல் இருந்தால் கடன் காலாவதியாகிவிடும். பிறகு அதை வசூலிக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் அந்த 3 ஆண்டு முடியுமுன் சிறு தொகை கட்டினாலும், "ஆமாம், என் கடன்தான்" என்று சொன்னாலும், காலக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீதிமன்றத் தீர்ப்பு ஆகிவிட்டால் அந்தக் கடனுக்குக் காலம் 30 ஆண்டு.

அடுத்தது, தொகை சரியா? தவணை நின்றபோது அசல் பாக்கி 1,800 ராண்ட் என்று வையுங்கள். அதன்பின் ஏறும் வட்டி, சேவைக் கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து இன்னொரு 1,800 ராண்டைத் தாண்டக் கூடாது. 3,600க்கு மேல் கேட்டால் கணக்கை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

4. முடித்துவிட்டுக் கடிதம் வாங்குங்கள்

தவணை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். முழுதும் கட்டியதும், கடன் தீர்ந்தது என்று சொல்லும் பெய்ட்-அப் லெட்டரைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். கடன் கொடுத்தவர் 7 நாளுக்குள் பீரோவுக்குத் தெரிவிக்க வேண்டும், பீரோ அடுத்த 7 நாளுக்குள் பாதகக் குறிப்பை நீக்க வேண்டும். மாதா மாதம் எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு மட்டும் 5 ஆண்டு நிற்கும். அதை யாராலும் அழிக்க முடியாது. புதிய நல்ல மாதங்கள் அதன்மேல் ஏறிக்கொண்டே வருவதுதான் வழி.

கட்டவே முடியாத நிலை என்றால் டெப்ட் ரிவியூ உண்டு. ஓர் ஆலோசகர் மூலம் உங்கள் கடன்களைக் கட்டக்கூடிய தவணைகளாக மாற்றும் சட்டவழி அது. கடன் துறையைக் கண்காணிக்கும் நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம் பதிவு பெற்ற ஆலோசகர்தானா என்று பாருங்கள். அது முடியும்வரை புதுக் கடன் வாங்க முடியாது, அதனால் போனில் கேட்டவுடன் சம்மதிக்காதீர்கள். மஷோனிசாவிடம், அதாவது பதிவில்லாத வட்டிக்காரரிடம், மட்டும் போகவே வேண்டாம். கடனுக்காக உங்கள் பாங்க் கார்டையும் பின் நம்பரையும் பிடித்து வைத்துக்கொள்வது சட்டவிரோதம்.

5. ஒரே ஒரு சிறிய அக்கவுண்ட்

பழையது தீர்ந்ததும் சிறு வரம்புள்ள ஓர் அக்கவுண்ட் போதும். மாதம் ஒரு சிறு பொருள் வாங்கி முழுத் தொகையையும் கட்டுங்கள். பாங்கிலிருந்து தவணை தானாகப் போகும் டெபிட் ஆர்டரைச் சம்பளம் வந்த மறுநாளுக்கு வையுங்கள். நாலு கடையில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள், கடை உங்கள் பதிவை பீரோவிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது ரிப்போர்ட்டில் ஓர் ஆண்டு தெரியும்.

விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். பீரோ தகவலால் மறுத்திருந்தால் எந்த பீரோ என்றும் சொல்ல வேண்டும். அந்த பீரோவின் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி 2ஆம் படிக்கு வாருங்கள்.