கர்ப்பத்தில் மனச்சோர்வு மாத்திரை: நிறுத்தும் முன்

கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே என் மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் அட்டையைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நான்காம் நாள் தலைசுற்றல், அழுகை, பொட்டுத் தூக்கமில்லை. தயவுசெய்து நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது எழுதிக்கொண்டு போங்கள்: மாத்திரை பெயர், அளவு, முன்பு விட்டபோது என்ன ஆனது. மூன்றாவதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. இரண்டு முறை விட்டிருக்கிறேன், இரண்டு முறையும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. சிகிச்சை பெறாத மனச்சோர்வுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு.

உங்கள் மாத்திரை பராக்செடின் என்றால், முதல் 3 மாதத்தில் அது குழந்தையின் இதயத்தைப் பாதிக்குமா என்று கேளுங்கள். லேசான மனச்சோர்வுக்கு, மனநல ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சையே போதலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே உதவி தேடுங்கள்.

நான் 50 மில்லிகிராமில் தொடர்ந்தேன். இந்த மாத்திரையால் பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கம் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும்; பிரசவம் பார்ப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.